பொறுமை என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடாதீர்கள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை உள்ள பள்ளிவாசல்களின் ஜமாத் நிர்வாகிகளுக்கும், அங்கே மிம்பர் மேடை ஏறிப் பேசும் இமாம்களான ஹஜ்ரத்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இந்தக் கடற்கரையில் பிறந்து இங்கேயே வாக்கப்பட்டவள். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். உங்களில் சிலருக்கு நான் டீச்சர், சிலருக்கு ராத்தா. மதரசாவில் ஓதிப் பட்டம் வாங்கியவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மடலைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் கேட்கப்போவது அதைத்தான்.

எங்கள் ஊரில் பெண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போவதில்லை. அங்கே நடக்கும் பயானை, அந்தப் பிரசங்கத்தை, வீட்டிலிருந்தே கேட்கிறோம். கூம்புக் குழாய் எங்கள் தெருவைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் அடுப்படியில் நின்றாலும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். வடக்கே ஏதோ ஒரு பள்ளிவாசலுக்குப் பிரச்சினை, யாரையோ கும்பல் கூடி அடித்துவிட்டது, புதிதாக ஒரு சட்டம் வருகிறது என்றால் அந்த வாரம் பயான் எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். சபூர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள், உணர்ச்சிவசப்படாதீர்கள், துஆ செய்யுங்கள், நம் மார்க்கம் அமைதி மார்க்கம். அப்புறம் சந்தா பாக்கி அறிவிப்பு. மைக் அணைந்துவிடும்.

சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் சபூராக இருந்துகொண்டு என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. கை ஓங்காமல் ஒரு அநியாயத்தை எதிர்ப்பது எப்படி, அதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம், யார் செய்து காட்டியிருக்கிறார்கள், எங்கே தோற்றார்கள், இதற்கெல்லாம் மிம்பரில் நேரம் கிடைப்பதில்லை. தொழுதுவிட்டு வெளியே வரும் பதினெட்டு வயதுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறக்கிறான். அதில் ஒருவர் நல்ல தமிழில், கண் கலங்க, 'உங்கள் ஆலிம்கள் பயந்தாங்கொள்ளிகள்' என்று பேசுகிறார். நாசத்துக்கான திட்டம்தான் என்றாலும் அவர் கையில் ஒரு திட்டம் இருக்கிறது. உங்களிடமிருந்து அவனுக்குக் கிடைப்பது அறிவுரை மட்டும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு முப்பது கிலோமீட்டர் அளவுதான். 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறு காலையில், இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் கிழக்கிலங்கையின் காத்தான்குடிக்காரர். அவர் பேசியது நம் தமிழில். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாத தமிழ். அங்கிருந்த முஸ்லிம்களே அவரைப் பற்றி முன்கூட்டி எச்சரித்திருந்தார்கள். குண்டு வைத்தவர்களின் மய்யித்தை (சடலத்தை) ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்ற மார்க்க அறிஞர் சபை சொன்னது. இங்கே நீங்களும் கண்டன அறிக்கை விட்டீர்கள். நான் அந்த அறிக்கைகளை மதிக்கிறேன். ஆனால் அறிக்கை நிருபர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. திண்ணைப் பையனுக்கு வந்து சேரவில்லை.

அவனுக்குச் சொல்ல உங்களிடம் சரக்கு இல்லையா? நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை வைத்தே சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் நடந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 6, அதாவது 628. நபியோடு ஆயிரத்து நானூறு பேர் அளவில் இஹ்ராம் உடுத்தி, குர்பானி ஒட்டகங்களோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பினார்கள். வழியில் மறித்த மக்காவின் குறைஷி குலத்தார் சார்பில் ஒப்பந்தம் பேச வந்தவர் சுஹைல் இப்னு அம்ர். 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதியதை அவர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் உங்களை ஏன் தடுக்கிறோம் என்றார். அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) தாமே அழித்தார்கள். இந்த வருஷம் திரும்பிப் போக வேண்டும், மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், பத்து வருஷம் போர் கிடையாது. கையெழுத்தாகும்போதே சுஹைலின் மகன் அபூஜந்தல் விலங்கோடு வந்து விழுகிறார், காப்பாற்றுங்கள் என்று. அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கூடியிருந்தவர்களின் நெஞ்சு எப்படி வெந்திருக்கும்!

இதுவரை நீங்களும் பயானில் சொல்வதுண்டு. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறீர்கள். உமர் (ரலி) எழுந்து நேராக நபியிடமே போய்க் கேட்கிறார்கள்: நீங்கள் அல்லாஹ்வின் நபி இல்லையா, நாம் சத்தியத்தில் இல்லையா, பிறகு ஏன் நம் மார்க்கத்தில் இந்தத் தாழ்வை ஏற்க வேண்டும்? அங்கே பதில் கேட்டுவிட்டு, மனம் ஆறாமல் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய் அதையே மறுபடி கேட்கிறார்கள். பின்னாளில் அதை நினைத்து உமர் அவர்களே வருந்தியதும் உண்மை. ஆனால் அந்தச் சபையில் அவரை யாரும் உட்காரச் சொல்லி அதட்டவில்லை, ஜமாத்தை விட்டு நீக்கவில்லை. அதன்பின் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நபி மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அத்தனை சஹாபாக்களும் துக்கத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நபி கூடாரத்துக்குள் போய்த் தம் மனைவி உம்மு சலமா (ரலி) அவர்களிடம் சொல்கிறார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், நீங்களே போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து முடி களையுங்கள் என்கிறார்கள் அந்த அம்மா. அப்படியே செய்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள்.

வாள் எடுக்காமல் திரும்பிய அந்தப் பயணத்தைத்தான் குர்ஆன் தெளிவான வெற்றி என்கிறது. அதை நடத்திக் காட்டிய தலைமை எப்படிப்பட்டது என்பதும் இதே நிகழ்ச்சியில் இருக்கிறது. முகத்துக்கு நேரே கேள்வி கேட்கலாம். கேட்டவர் மறுநாளும் அதே சபையில் உட்காரலாம். ஒரு பெண் சொன்ன யோசனையால் ஒரு படையே எழுந்து நிற்கலாம். முதல் பாதியை மட்டும் எங்களுக்குச் சொல்லிவிட்டு, இந்த இரண்டாம் பாதியை உங்களுக்கென்று வைத்துக்கொண்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கிதாபு தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். மக்கா காலத்துப் பொறுமை வசனங்கள் பிற்பாடு வந்த போர் வசனங்களால் மாற்றப்பட்டுவிட்டன, நஸ்க் ஆகிவிட்டன என்று. போனில் பேசுகிறவரின் ஒரே பெரிய ஆயுதமும் இதுதான். இதற்கு நான் வெளியே தேடவில்லை. ஜலாலைன் என்ற குர்ஆன் தஃப்ஸீர் (விளக்கவுரை) ஓதாமல் இந்தக் கரையில் யாரும் ஆலிம் ஆவதில்லை. அதை எழுதிய இருவரில் ஒருவரான சுயூத்தி இமாம், நம் ஷாஃபி மத்ஹபுக்காரர், தம்முடைய இத்கான் என்ற நூலில் சொல்கிறார்: பலவீனமாக இருந்த காலத்தில் பொறுக்கவும் மன்னிக்கவும் சொன்ன வசனங்கள் நீக்கப்பட்டவை அல்ல, தள்ளிவைக்கப்பட்டவை, அந்தக் காரணம் திரும்பி வந்தால் அந்தச் சட்டமும் திரும்பி வரும். சுயூத்தி இமாம் ஒன்றும் அகிம்சைவாதி இல்லை, அப்படிக் காட்ட எனக்கு ஆசையும் இல்லை. பத்ர், உஹத் போர்கள் நடந்தவைதான். ஏர்வாடியில் நாம் சந்தனக்கூடு எடுப்பது போர்க்களத்தில் ஷஹீதான ஒருவருக்குத்தான். நான் கேட்பது அதுவல்ல. படையும் அரசும் இல்லாத, நாட்டு மக்களில் சிறு பங்காக வாழும் ஒரு கூட்டத்துக்கு மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்பதற்கு நீங்கள் ஓதிய கிதாபிலேயே பதில் இருக்கிறது. அதை ஏன் மைக்கில் சொல்வதில்லை?

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. சிரியாவில் ஜவ்தத் ஸயீத் என்று ஒருவர். 1931இல் கோலான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அல்அஸ்ஹரில் படித்தவர். 1966இல், ஆதமின் முதல் மகனின் வழி என்ற கருத்தை வைத்து ஒரு நூல் எழுதினார். எல்லாவற்றுக்கும் வேர் குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தின் 28ஆம் வசனம், ஆதமின் மகன்களில் கொல்லப்பட்டவர் தம் சகோதரரிடம் சொன்னது: என்னைக் கொல்ல நீ கை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கை நீட்டமாட்டேன், அகிலத்தாரின் ரப்பாகிய அல்லாஹ்வை அஞ்சுகிறேன். பலவீனர்களுக்கான சலுகையாக அவர் இதைப் பார்க்கவில்லை. ஒரு சமூகத்தை மாற்ற நினைக்கிறவன் வாளால் ஆட்சியைப் பிடித்தால் அடுத்தவனும் வாளோடுதான் வருவான். நபிமார்கள் அனைவரும் முதலில் மனிதர்களை மாற்றினார்கள் என்பது அவர் வாதம். உங்களில் பலர் இதை ஏற்கமாட்டீர்கள். சரி, ஏற்க வேண்டாம். மிம்பரில் நின்று மறுத்தாவது பேசுங்கள், அப்போதாவது பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்.

டமாஸ்கஸ் பக்கத்தில் தாரையா என்று ஒரு ஊர். அவ்வூர் இளைஞர்கள் அவருடைய எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள். 2003 வாக்கில் அவர்கள் செய்த போராட்டம் என்ன தெரியுமா? தெருவைக் கூட்டினார்கள். லஞ்சம் கொடுக்காதீர்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். இராக் போரை எதிர்த்து வாய் திறக்காமல் ஊர்வலம் போனார்கள். இதற்கே பலர் சிறைக்குப் போனார்கள். 2011இல் நாடு கொந்தளித்தபோது, சுட வந்த சிப்பாய்களுக்கு அதே ஊர்க்காரர்கள் தண்ணீர் பாட்டிலும் ரோஜாவும் கொடுத்தார்கள். அதை முன்னின்று செய்த கியாத் மத்தர் என்ற இளைஞர் அந்த செப்டம்பரில் கைதானார். சில நாளில் அவர் உடல்தான் வீட்டுக்கு வந்தது. பிறகு அந்த நாட்டில் எல்லோரும் துப்பாக்கி தூக்கினார்கள். தாரையா நாலு வருஷம் முற்றுகையில் கிடந்து 2016 ஆகஸ்டில் ஊரே காலியானது. ஜவ்தத் ஸயீத் நாட்டை விட்டுப் போய் 2022 ஜனவரியில் இஸ்தான்புல்லில் மவ்த்தானார் (இறந்தார்).

இதைச் சொன்னால் பையன் கேட்பான், பூ கொடுத்து என்ன கிடைத்தது என்று. கேட்கட்டும். துப்பாக்கி எடுத்ததால் என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்க அப்போதுதான் ஒரு வாய்ப்பு வரும். தோல்வியை மறைத்துச் சொல்லும் பயானை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை, இரண்டு நிமிஷத்தில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள்.

பாச்சா கான் என்ற அப்துல் கஃப்பார் கானைப் பற்றி நான் வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறேன். பள்ளிவாசலில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் வந்து கேட்டதில்லை. 1890இல் பிறந்த பட்டாணியர், பஷ்தூன் இனத்தவர். கையில் துப்பாக்கியும் பரம்பரைப் பகையுமாக வாழ்ந்த ஒரு மக்களிடையே 1929இல் குதாயி கித்மத்கார், இறைவனின் ஊழியர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சேருகிறவர் பழிவாங்கமாட்டேன், ஒடுக்குகிறவரை மன்னிப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதோடு தினம் இரண்டு மணி நேரமாவது பொதுச்சேவை செய்ய வேண்டும். இந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குப் பிடித்த இடம். அகிம்சையை அவர் மனநிலையாக விட்டுவிடவில்லை, அன்றாட வேலையாக்கினார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் வெள்ளைக்காரப் படை சுட்டபோது, வெறுங்கையோடு நின்ற கூட்டம் பதிலுக்கு ஆயுதம் எடுக்கவில்லை. அந்தப் படையிலிருந்த கார்வாலி சிப்பாய்கள் சிலர் இந்த மக்களைச் சுடமாட்டோம் என்று மறுத்து ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். இது புதுக் கொள்கை இல்லை, மக்காவில் நபியவர்கள் கடைப்பிடித்ததுதான், நாம் மறந்துவிட்டோம் என்பதே பாச்சா கான் சொன்ன விளக்கம்.

அவருக்கு முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? 1910இல் தம் ஊரான உத்மன்சாயில் பள்ளிக்கூடம் திறந்தபோது முல்லாக்களிடமிருந்து.

நீ ஆலிமா, உனக்குப் பேச என்ன உரிமை என்ற அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கரையில் ஆலிம் என்ற சொல்லுக்கு ஒரு எடை உண்டு. சதக்கத்துல்லா அப்பாவும் தைக்கா சாகிபும் மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் வாழ்ந்த கீழக்கரை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரபுத் தமிழில் எழுதிப் பெண்களுக்கும் மசாயில் (மார்க்கச் சட்டங்கள்) சொல்லிக்கொடுத்த பரம்பரை. படிக்காமல் ஃபத்வா கொடுக்கிறவர்களால்தான் போனில் இவ்வளவு விஷம் ஓடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், வேறு யாருக்கும் இல்லை.

ஆனால் ஆலிமின் உரிமை இன்று யார் கையில் இருக்கிறது? இதை ஹஜ்ரத்மார்கள் வெளியே சொல்ல முடியாது, நான் சொல்கிறேன். பெரும்பாலும் வெளியூர்க்காரர், பள்ளியை ஒட்டிய ஒரு அறை, ஒரு மளிகைக் கடைப் பையன் வாங்குகிற அளவு சம்பளம், காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு மக்தப் வகுப்பு, அது போக வீட்டுக்கு வீடு பாத்திஹா. ஒரு வெள்ளிக்கிழமை வட்டியைப் பற்றியோ வரதட்சணையைப் பற்றியோ கொஞ்சம் அழுத்திப் பேசினால், தொழுகை முடிந்ததும் நிர்வாகத்தில் ஒருவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போவார். அடுத்த ஷவ்வால் மாதத்தில் அவர் பெட்டி கட்டிவிடுவார். மைக் அவர் கையில், சுவிட்ச் உங்கள் கையில்.

அபூஹனீஃபா இமாமுக்கு கலீஃபா மன்சூர் காஜி பதவி கொடுத்தபோது அவர் மறுத்தார், சிறையிலிருந்தார், 767இல் பக்தாதில் மவ்த்தானார். அவருக்குச் சொந்தமாகத் துணி வியாபாரம் இருந்தது என்பதை நாம் சேர்த்துச் சொல்வதில்லை. அஹ்மத் இப்னு ஹன்பல் இமாமைச் சிறையில் போட்டுச் சாட்டையால் அடித்தார்கள். அரசு சொல்லச் சொன்ன கொள்கையைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. பின்னால் கலீஃபா வாஸிக் காலத்தில் பக்தாத் அறிஞர்கள் சிலர் கிளர்ச்சி செய்யலாமா என்று அவரிடம் வந்தபோது, வேண்டாம், முஸ்லிம்களின் ரத்தத்தைச் சிந்தாதீர்கள் என்று தடுத்துவிட்டார். பணியவும் இல்லை, வாளுக்கும் போகவில்லை. நான் கேட்கிற அரசியல் பாடம் முழுக்க அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும் ஹஜ்ரத், அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பேச்சு எப்படி எடுபடும்?

இனி ஊர் விலக்கு. நடந்த ஊரையும் ஆளையும் சொல்லமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளிவாசல் கடைகளின் வாடகைக் கணக்கை ஒருவர் பொதுக்குழுவில் கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார், பிறகு வாட்ஸ்அப்பில் எழுதினார். எழுதிய விதம் கொஞ்சம் காரம்தான், மறுக்கவில்லை. அடுத்த வாரம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஜமாத் லெட்டர்பேடு, கீழே ஊதா நிற முத்திரை, நாலு மூலையிலும் பசை வழிந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, போனால் அபராதம். மகள் கல்யாணத்துக்கு நிக்காஹ் புத்தகம் தரவில்லை, வேறு ஊர்ப் பள்ளியில் போய் நடத்தினார்கள். அதற்குப் பிறகு அவருடைய உம்மா மவ்த்தானபோது மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குக்கும் இழுத்தடித்தார்கள். அவர் அபராதம் கட்டி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகே தாள் கிழிக்கப்பட்டது. வாடகைக் கணக்கு இன்னும் வரவில்லை.

நிர்வாகத்தார் இதற்கு ஆதாரம் காட்டினார்கள், தபூக் போருக்குப் போகாத கஃபு இப்னு மாலிக் (ரலி) முதலிய மூவரோடு ஐம்பது நாள் யாரும் பேசவில்லையே என்று. கொஞ்சம் யோசியுங்கள். அந்தத் தடை நபியின் உத்தரவால் வந்தது, வஹீயால் (இறைச்செய்தியால்) நீங்கியது. அந்த மூவரும் செய்த தவறு கணக்குக் கேட்டது இல்லை. அவர்களிடம் யாரும் அபராதம் வசூலிக்கவில்லை. வயதான ஹிலாலுக்கு அவர் மனைவி பணிவிடை செய்ய அனுமதியும் கிடைத்தது. பொய்ச் சாக்கு சொன்னவர்களெல்லாம் தப்பித்துக்கொண்டபோது உண்மையைச் சொன்னவர்கள் இந்த மூவர்தான். உமர் (ரலி) உடுத்திய துணிக்கு ஒருவர் அவரிடமே கணக்குக் கேட்ட கதையை வருஷத்துக்கு நாலு முறை பயானில் சொல்லிவிட்டு, கணக்குக் கேட்டவரை கஃபு இப்னு மாலிக் ஆக்குவது என்ன நியாயம்?

எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் வேறொரு தாள்தான் நினைவுக்கு வந்தது. நபியின் ஹாஷிம் குடும்பத்தோடு பெண் கொடுக்கல் எடுக்கல் கூடாது, வாங்கல் விற்றல் கூடாது என்று குறைஷிகள் எழுதி கஃபாவுக்குள் தொங்கவிட்டார்களே, அது. மூன்று வருஷம் அபூதாலிபின் கணவாயில் பிள்ளைகள் பசியில் அழுதது வெளியே கேட்டது என்கிறது சரித்திரம். அந்த நாட்களில் ஹிஷாம் இப்னு அம்ர் என்ற குறைஷி, அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர், இரவில் ஒட்டகத்தில் உணவு ஏற்றிக் கணவாய் வாசல்வரை ஓட்டிவந்து, கயிற்றை அவிழ்த்துத் தட்டிவிடுவார். அது உள்ளே போய்விடும். பின்னர் அவரே ஒருவர் ஒருவராகப் பேசி, ஐந்து பேராகச் சேர்ந்து அந்தத் தாளை ஒழிக்க சபையில் எழுந்தார்கள். பார்த்தால் கறையான் தின்றிருந்தது.

எங்கள் தெருவில் அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத் தட்டு போனது. மேலே வாழை இலையோ பிளாஸ்டிக் மூடியோ கவிழ்த்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு. எந்த வீட்டிலிருந்து என்று சொல்லமாட்டேன், நிர்வாகிகளில் இரண்டு பேர் வீடும் அதில் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். அபராதம் என்று போட்டிருந்தும் போனது. யாரும் கோஷம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை, அவ்வளவுதான். கை ஓங்காத எதிர்ப்புக்கு ஆள் எங்கே கிடைப்பார்கள் என்று தேடுகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டு அடுப்படியில் பாருங்கள். 2020 தொடக்கத்தில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாக்கிலும் சென்னை வண்ணாரப்பேட்டையிலும் வாரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்திருந்தவர்களும் பெண்கள்தான். அப்போது நீங்கள் மேடை போட்டுக்கொடுத்தீர்கள், பாராட்டினீர்கள். கொரோனா வந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஜமாத் பொதுக்குழுவில் நாற்காலி மட்டும் போடவில்லை.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் கடலோர ஊர்களில் சிலருக்குக் கோபம் வரும். அநியாயக்காரனாக இருந்தாலும் அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்றார்கள் நபி. அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் உதவி என்றார்கள். புகாரியில் இருக்கிறது. நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போதெல்லாம் நாம் துஆ செய்கிறோம், செய்ய வேண்டும். அதே சமயம் நம் இழுவை விசைப்படகுகள் அக்கரைக்குப் போய், அடியோடு வாரி, மன்னார் பக்கத்துச் சிறு மீனவரின் வலையை அறுத்துவிட்டு வருகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. அறுந்த வலைக்காரர்களில் கலிமா சொன்னவர்களும் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு, எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். இந்தக் கையைப் பிடிக்கும் பயான் ஒன்றாவது மண்டபத்திலோ பாம்பனிலோ நடந்ததா? நமக்கு அநியாயம் நடக்கும்போது மட்டும் நியாயம் கேட்பதற்கு அகிம்சை தேவையில்லை, குரல் இருந்தால் போதும்.

வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் கூடி அநியாயச் சட்டத்துக்குப் பணியமாட்டோம் என்று முடிவெடுத்தபோது, வெறும் தீர்மானம் போதாது, இறைவனைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹாஜி ஹபீப் என்ற வியாபாரி. காந்தியே அதைக் கேட்டுத் திடுக்கிட்டதாக எழுதியிருக்கிறார். அங்கே பள்ளிவாசலில் தொழ வைத்த இமாம் அப்துல் காதிர் பாவஸீர், பிறகு சபர்மதி ஆசிரமத்துக்கு வந்து, 1930 மே மாதம் தராசனா உப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்று கைதானார். உப்புக்காக ஜெயிலுக்குப் போன ஒரு இமாம். இந்தப் பாடத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்யச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ரமலானுக்கு முன் தொடர்ந்து சில ஜும்ஆக்களில் கணவாய்த் தாளையும் ஹுதைபிய்யாவையும் அஹ்மத் இமாமையும் பாச்சா கானையும் தாரையாவையும் முழுதாகப் பேச உங்கள் ஹஜ்ரத்துக்கு இடம் கொடுங்கள். பயானில் பேசியதற்காக அவரை நீக்குவதாக இருந்தால், வட்டார ஆலிம்கள் சபை ஒன்று விசாரித்த பிறகே நீக்குவது என்று எழுதிவையுங்கள். நிக்காஹ் புத்தகத்தையும் சந்தூக்கையும் மையவாடியையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் மறுப்பதில்லை என்று பைலாவில் சேருங்கள். புகார் விசாரிக்கும் இடத்தில் பெண்கள் உட்காரட்டும். புதுக்கோட்டையில் பெண்கள் தனியாகவே ஜமாத் நடத்தும் அளவுக்குப் போக நேர்ந்தது ஏன் என்று அவர்களிடமே கேட்கலாம், பஸ் ஏறினால் ஒரு பகல் வேலை.

இதில் எதற்கும் பணமோ கூட்டமோ தேவைப்படாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மினிட் புத்தகத்தைத் திறந்து, இன்றைக்கு விலக்கில் இருக்கும் குடும்பங்களின் பெயர்களைப் பாருங்கள். அந்தத் தீர்மானங்களை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள்.

பதில் எழுதுவதாக இருந்தால் என் பெயருக்கே எழுதுங்கள். எங்கள் வீட்டுக்காரரை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் இதைப் படித்துவிட்டார், இரண்டு எழுத்துப் பிழையும் திருத்தினார்.

வஸ்ஸலாம்.